பிரிஜீத்தாவின் நூறு ஜெபமாலைகள்

கைதவேலிப் பங்கில் திருவருகைக்காலம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பு, பிறந்துவிட்டது என்று கோவிலில் ஏற்றும் முதல் ஊதா மெழுகுவர்த்தி சொல்வதற்கு முன்னாலேயே கிளாரம்மா சொல்லிவிடுவாள். விடிகாலை நாலு மணிக்கு, எங்கள் பகுதி வீடுகளின் ஜெபக் கூட்டமான லூர்து மாதா அன்பியத்தின் வாட்ஸாப் குழுவில் அவள் குரல் வந்து விழும். "எழுந்திருங்க, எழுந்திருங்க! பாலன் வர்ற நேரத்துல போர்வைக்குள்ள கிடக்கலாமா? விழிச்சிருங்க!" பாதி வீடுகளில் அந்தக் குழுவைச் சத்தம் வராமல் அடைத்து வைத்திருந்தோம். அது அவளுக்குத் தெரியாது, நாங்களும் சொல்லவில்லை. அன்பியத்துக்குத் தலைவி அவள். முகத்துக்கு நேரே யார் சொல்வது?

ஒன்று சொல்லவேண்டும், அவள் ஊருக்கு மட்டும் உபதேசம் செய்கிறவள் இல்லை. நோன்போ நோன்பு இல்லையோ, வருஷம் முழுக்க நாலு மணிக்கு எழுகிறவள்தான். எழுந்ததும் அடுப்படி விளக்கைப் போட்டு, ஜன்னல் திட்டில் இருக்கும் பாட்டுப் பெட்டியில் மாதா பாட்டு வைப்பாள். அவள் கணவன் லாசர் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு, "அடியே, கடவுளுக்குக் காது கேட்கும்டீ" என்று கத்துவான். "அவருக்குக் கேட்கும், உமக்குத்தான் கேட்காது" என்பாள்.

இந்த வருஷம் நோன்பு இருபத்தைந்து நாளும் பங்கில் ஒரே அமர்க்களம். ஜூனில் புதுப் பாதிரியாராக வந்த ஜோபி அச்சன், பிறக்கப்போகும் பாலனுக்கு ஜெபத்தால் உடுப்புத் தைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு வீடும் எத்தனை ஜெபமாலை சொன்னது என்று சீட்டில் எழுதித் தரவேண்டும். ஐம்பது ஜெபமாலைக்கு ஒரு தொப்பி, நூற்றுக்கு ஒரு சட்டை என்று கோவில் சுவரில் காகிதத்தில் வெட்டி ஒட்டுவார்கள். எந்த அன்பியம் அதிகம் தைக்கிறதோ அதன் தலைவி, கிறிஸ்துமஸ் பூசையில் பாலனின் சுரூபத்தைப் பீடத்திலிருந்து கையில் ஏந்திக் குடிலுக்குக் கொண்டுபோவாள். கிளாராவுக்கு வயது ஐம்பத்தெட்டு, பிள்ளை இல்லை. அந்த இருபது அடி தூரம் பாலனைத் தன் கையில் ஏந்தி நடக்கவேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பதை லாசரிடம்கூடச் சொன்னதில்லை.

அன்பியத்தில் இருபத்தேழு வீடு. வாட்ஸாப் குழுவில் இருபத்தாறுதான். விட்டுப்போன வீடு பிரிஜீத்தாவுடையது.

அந்த வீடு கால்வாய்க்கு அக்கரை. கிளாராவின் அடுப்படி ஜன்னலும் பிரிஜீத்தாவின் அறை ஜன்னலும் நேருக்கு நேர், நடுவில் தண்ணீர் மட்டுந்தான். ஆனால் நடந்து போவதென்றால் கோவில் வரை போய், பாலம் தாண்டி, வரப்பு வழியாகத் திரும்பி வரவேண்டும். இருபது நிமிடம் ஆகும். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, ஒரே நாளில் புதுநன்மை என்னும் முதல் நற்கருணை வாங்கியவர்கள். போன வருஷம் அக்டோபரில் பிரிஜீத்தா படித்துறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அன்றிலிருந்து படுக்கை. புருஷன் என்றோ போய்ச் சேர்ந்தாயிற்று. மகன் படகுவீட்டில் சமையல்காரன், விடியுமுன் போய் ராத்திரிதான் திரும்புவான். பகலில் பக்கத்து வீட்டு ஓமனா வந்து சோறு ஊட்டுவாள்.

கிளாரா ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனாள். பிரிஜீத்தா வீட்டுக்கு வந்தபிறகு, நாளைக்குப் போய்ப் பார்க்கலாம் என்றிருந்தாள். நாளை அடுத்த வாரமாயிற்று, அடுத்த வாரம் அடுத்த மாசமாயிற்று. ஒரு மாசம் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு இனி எந்த முகத்தோடு போவது என்று கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்திலேயே இன்னொரு மாசம் போயிற்று. மாதம் முதல் வெள்ளி அச்சன் நோயாளிகளுக்கு நன்மை கொடுக்கப் போவார். பட்டியல் எழுதிக் கொடுப்பது அன்பியத் தலைவி, வழிகாட்டிக் கூடப் போவதும் அவளே. பிரிஜீத்தாவின் பெயரை எழுதினால் கூடப் போகவேண்டி வருமே என்று கிளாரா எழுதவே இல்லை. கிளாரா போய்ப் பார்த்துக்கொள்கிறாள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அப்படி நினைப்பது எங்களுக்கும் சௌகரியமாக இருந்தது.

சீட்டுக் கொடுக்கவேண்டிய வெள்ளிக்கிழமை, கோவில் வாசலில் அந்தோணியார் அன்பியத்துத் தலைவி மேரிக்குஞ்ஞு கிளாராவை மடக்கினாள்.

"கிளாரேச்சி, நாங்க ஆயிரத்து எழுநூறைத் தாண்டியாச்சு. உங்க பாலன் இந்தக் குளிருக்கு அம்மணந்தானா?"

"சிரிடீ சிரி. ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வந்தாள் கிளாரா. வீட்டுக்கு வந்து சீட்டுகளைக் கூட்டினால் ஆயிரத்து அறுநூற்றைம்பதுதான் வந்தது. மறுபடி கூட்டியும் அதேதான். கையில் எழுதாத சீட்டு ஒன்று மிச்சம் இருந்தது, பிரிஜீத்தாவுடையது.

படுத்துக் கிடக்கிறவளுக்கு ஜெபமாலை சொல்வதைவிட வேறென்ன வேலை என்று கிளாரா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு நாளைக்கு ஐந்து சொல்லமாட்டாளா? நானாக இருந்தால் பத்துச் சொல்வேனே! இப்படிச் சொல்லச் சொல்ல அவளுக்கே அது உண்மை போலத் தோன்ற ஆரம்பித்தது. சீட்டில் 100 என்று எழுதினாள்.

லாசர் எட்டிப் பார்த்தான். "பிரிஜீத்தாவோட சீட்டா? அவளைப் பார்க்கப் போனியா?"

"போன்ல கேட்டேன்."

"அவகிட்ட ஏதுடீ போன்?"

"ஓமனா போன்ல." ஒரு பொய்க்கு ஒன்பது பொய் என்பார்கள். கிளாராவுக்கு மூன்றாவதிலேயே வாய் உலர்ந்துவிட்டது.

நாலாம் ஞாயிறு பூசை முடிந்ததும் அச்சன் சீட்டுக்கட்டோடு மைக்குக்கு வந்தார். லூர்து மாதா அன்பியம் முதலிடம் என்றதும் எங்கள் பெஞ்சுகளில் கைதட்டல். கிளாரா தலையைக் குனிந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்து, எழுந்திருக்கத் தயாரானாள். அச்சன் முடிக்கவில்லை.

"இந்தப் பங்குலயே அதிகமா ஜெபமாலை சொன்ன வீடு எதுன்னு தெரியுமா? பிரிஜீத்தா சேச்சி. நூறு! பதினாலு மாசமா படுக்கையில கிடக்கிறவங்க. கை காலு நல்லா இருக்கிற நாம நாலு மணிக்கு எழுந்திருக்க மூக்கால அழுறோம்." அச்சனுக்கு முப்பது வயசு, வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனசு. "ஆறு மாசமா நான் அவங்க வீட்டுக்குப் போனதில்ல. என் நோயாளிப் பட்டியல்ல அந்தப் பேரே இல்ல, எப்படி விட்டுப்போச்சுன்னு தெரியல. தப்பு என்மேலதான். இப்பவே நன்மை எடுத்துட்டுப் போறோம், பாலனையும் எடுத்துட்டுப் போறோம். வர்றவங்க வாங்க. கிளாரேச்சி, நீங்க முன்னால நடங்க, உங்களுக்குத்தான் வழி தெரியும்."

கிளாரா எழுந்தபடியே சொன்னாள்: "அச்சோ, அவ களைச்சுப் போயிருப்பா. கூட்டமாப் போனா தாங்கமாட்டா. நாளைக்கு நான் போய்ச் சொல்லிட்டு..."

"கர்த்தர் சொல்லிட்டா வருவார்?" என்று அச்சன் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

முப்பது பேர் இருக்கும், பாட்டுப் பாடிக்கொண்டு கிளம்பினோம். கிளாரா முன்னால் போனாள். கயிற்றுக் கிடங்குக்குப் பின்னால் திரும்பி, தென்னந்தோப்புக்குள் புகுந்து, கால்வாய்க் கரையில் வந்து நின்றாள். அங்கே பாலம் இல்லை. பழைய மரப்பாலத்தின் இரண்டு கட்டைகள் மட்டும் தண்ணீருக்குள் நின்றன.

மேரிக்குஞ்ஞு பின்னாலிருந்து கேட்டாள்: "சேச்சி, இந்தப் பாலத்தை எடுத்து வருஷம் ஒண்ணாச்சே. புதுப் பாலம் அந்தப் பக்கம்ல. நீங்க இத்தனை நாளா எப்படிப் போயிட்டு வர்றீங்க, தண்ணி மேல நடந்தா?"

பாட்டு நின்றுவிட்டது. அச்சன் ஒன்றும் புரியாமல், "பேச்சு வேகத்துல வழி மாறிட்டோம், வாங்க" என்று திரும்பினார். மற்றவர்களுக்குப் புரிந்தது. அங்கிருந்து அந்த வீடு வரை கிளாராவோடு ஒருத்தரும் பேசவில்லை.

பிரிஜீத்தாவின் வீட்டு வாசலில் நட்சத்திர விளக்கு இல்லை. கைதவேலியில் அன்றைக்கு நட்சத்திரம் தொங்காத கிறிஸ்தவ வீடு அது ஒன்றுதான். உள்ளே நுழைந்ததும் மத்திக் குழம்பு வாசனை அடித்தது. ஓமனா கட்டிலருகில் உட்கார்ந்து மீனை முள்ளெடுத்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நோன்புல மீனா?" என்று யாரோ முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

ஓமனா பதறி எழுந்தாள். "அய்யோ, உங்க நோன்பு எப்ப வருதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? உங்க ஆளுங்க யாரும் வந்து சொல்லலியே!"

"நோயாளிக்கு நோன்பு கிடையாது சேச்சி, நல்லா ஊட்டுங்க" என்று அச்சன் கட்டிலருகில் மண்டியிட்டார். பிரிஜீத்தா பாதியாகிப் போயிருந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அச்சன் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நூறு ஜெபமாலை சொன்ன கை இதுதானா!"

"நூறா?" என்றாள் பிரிஜீத்தா.

கிளாரா கதவுக்குப் பின்னால் ஒண்டியிருந்தாள். அங்கிருந்து அவள் கண்ணில் முதலில் பட்டது எதிர்ச் சுவர். ஆணியில் பிரிஜீத்தாவின் ஜெபமாலை தொங்கியது. படுத்திருப்பவள் கைக்கு எட்டாத உயரம். சிலுவையிலிருந்து ஆணி வரை ஒட்டடை. அச்சன் தலை நிமிர்ந்தால் போதும், தெரிந்துவிடும். பூமி பிளந்து விழுங்கக் கூடாதா என்றிருந்தது கிளாராவுக்கு.

"சீட்டுல எழுதியிருந்துச்சே சேச்சி, நூறுன்னு" என்றார் அச்சன்.

"யார் எழுதினா?"

"கிளாரேச்சிதான், உங்ககிட்டக் கேட்டு."

பிரிஜீத்தாவின் பார்வை கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடிக் கதவருகே வந்து நின்றது. கிளாரா தரையைப் பார்த்தாள்.

"கிளாரா எழுதினா சரியாத்தான் இருக்கும் அச்சோ" என்றாள் பிரிஜீத்தா.

"எங்க சேச்சி உங்க ஜெபமாலை? அதுலயே ஒண்ணு சேர்ந்து சொல்லுவோம்."

"நான் விரல்லதான் எண்ணுவேன்."

அவள் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்டு நன்மை கொடுப்பதற்காக எங்களை வெளியே போகச் சொன்னார் அச்சன். ஓமனா முற்றத்தில் பாலில்லாத கட்டன்சாயா கொடுத்தாள். கிளாரா அதைக் குடிக்காமல் வைத்திருந்தாள். உள்ளே பிரிஜீத்தா சொல்லிவிடுவாளா? சொல்லாவிட்டால் அதைவிட மோசம். தனக்காக ஒருத்தி, அதுவும் தான் எட்டிப் பார்க்காத ஒருத்தி, பொய்யைச் சுமந்துகொண்டு நன்மை வாங்குவாளே. எது நடக்கவேண்டும் என்று விரும்புவதென்றே அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் அச்சன் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

"கிளாரேச்சி, உங்கள வரச் சொல்றாங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"நூறாடீ?" என்றாள் பிரிஜீத்தா. "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். பள்ளிக்கூடத்துலயும் இதே புத்திதான் உனக்கு. பதினெட்டு மார்க்கை எண்பத்தொண்ணாத் திருத்தி, உங்கப்பன்கிட்ட உதை வாங்கினவதானே நீ."

"பிரிஜீ, என்னை மன்னிச்சிரு."

"இரு, அழாதே, வெளிய கேட்கும். நான் பொய் சொன்னேன்னு அச்சன்கிட்டச் சொல்லிட்டேன். உன் பேரைச் சொல்லல. உன் பாவத்தை நீதான் சொல்லணும்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "பதினாலு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான்டீ நன்மை வாங்கியிருக்கேன். உன் பொய்யால வந்தது. அதை நினைச்சுச் சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல. நூறு ஜெபமாலையா! விழுந்த நாள்ல இருந்து ஒரு அருள்நிறை மரியே என் வாயில வந்ததில்ல. ஆண்டவர்மேல அவ்வளவு கோபம் எனக்கு."

கிளாரா வெளியே வந்தாள். அச்சன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார், மேரிக்குஞ்ஞு பாலனை மடியில் வைத்துக்கொண்டு திண்டில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த நூறை நான்தான் எழுதினேன்" என்றாள் கிளாரா. நாற்பது வருஷமாகக் கோவிலில் வாசகம் வாசிக்கிற குரல், முற்றத்தின் பாதிக்குக்கூட எட்டவில்லை. மறுபடி சொன்னாள். "பிரிஜீத்தாகிட்ட நான் கேட்கல. அவ விழுந்த நாள்ல இருந்து இந்த வீட்டுப் படியை நான் மிதிச்சதே இல்ல. பட்டியல்ல அவ பேரை எழுதாம விட்டதும் நான்தான்."

யாராவது ஏசியிருந்தால் தேவலை. மேரிக்குஞ்ஞு வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டு பாலனின் காலைத் துடைப்பது போல எதையோ செய்தாள். அச்சன் ரொம்ப நேரம் செருப்பின் வாரையே இழுத்துக்கொண்டிருந்தார்.

"பட்டியல் சரியான்னு நானும் ஒரு தடவை கேட்கல" என்றார். அப்புறம், "பாலனை அந்தோணியார் அன்பியம் தூக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போதுதான் எண்ணிப் பார்த்தோம். அந்தப் பதினாலு மாசத்தில் பிரிஜீத்தாவைப் பார்க்கப் பாலம் தாண்டியவர்கள் எங்களிலும் யாரும் இல்லை.

மறுநாள் நாலு மணிக்கு வாட்ஸாப்பில் குரல் வரவில்லை. வராததனாலேயே எங்களில் சிலர் விழித்துக்கொண்டோம். கிளாரா அடுப்படி விளக்கைப் போடாமல், டார்ச்சை எடுத்துக்கொண்டு இருட்டில் புதுப் பாலம் தாண்டிப் போய்ச் சேர்ந்தாள். கதவு சும்மா சாத்தியிருந்தது.

"யாரு?"

"நான்தான்."

"அதானே. உன் விளக்கு இன்னைக்கு எரியலியேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றாள் பிரிஜீத்தா. "பையன் மூணரைக்குக் கிளம்பிடுவான். அப்புறம் எனக்குத் தூக்கம் வராது. உன் விளக்கைத்தான் பார்த்துக்கிட்டுக் கிடப்பேன். எரிஞ்சதும் நினைப்பேன், இன்னைக்கு நீ வருவேன்னு. நோன்பு இல்லாத நாள்லயும்."

கிளாரா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே கால்வாய், அதற்கப்பால் இருட்டில் தன்னுடைய வீடு. இந்த நேரத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அதை அவள் பார்த்ததே இல்லை. அப்போது அங்கே விளக்கு எரிந்தது. லாசர் இருமினான். டப்பா மூடி ஒன்று விழுந்து உருண்டது. "காப்பித்தூளை எங்க வெச்சுத் தொலைச்சா இவ" என்று அவன் தனக்குத்தானே முனகியது, இதே அறையில் நின்று சொன்னது போல ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

கிளாரா ஜன்னலிலிருந்து பிரிஜீத்தாவின் பக்கம் திரும்பினாள்.

"தண்ணிக்கு மேல சத்தம் நல்லாக் கேட்கும்" என்றாள் பிரிஜீத்தா. "நானும் ஆரம்பத்துல கூப்பிட்டுப் பார்த்தேன். ஒருநாள் தண்ணிச் சொம்பு கை தவறிக் கீழ விழுந்துடுச்சு. தொண்டை வறண்டு போச்சு. கிளாரே, கிளாரேன்னு கூப்பிட்டேன். உனக்குக் கேட்டிருக்காது. நீ பாட்டு வெச்சிருந்தே."

ஆமாம் என்று சொன்னால் போதும். நேற்று அச்சன் முன்னால் செய்தது போலவே பிரிஜீத்தா இன்றும் தப்பிக்க ஒரு வழி விட்டிருந்தாள். கிளாரா அதைப் பார்த்தாள். அந்த விடிகாலை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அடுப்பில் பால் இருந்தது. ஜன்னலுக்கு வெளியிலிருந்து தன் பெயர் வந்தது. படகுக்காரர்கள் யாரோ என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். படகுக்காரன் எவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான்?

"கேட்டுச்சுடீ" என்றாள்.

பிரிஜீத்தா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"தெரியும்" என்றாள். "ரெண்டாவது தடவை கூப்பிட்டதும் நீ பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வெச்சே. அதுவும் இங்க கேட்டுச்சு."

கிளாரா எழுந்து, ஆணியிலிருந்த ஜெபமாலையை எடுத்து, ஒட்டடையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். முதல் மணியை விரலில் பிடித்துக்கொண்டு நின்றாள். தொடங்க வாய் வரவில்லை.

"அதெல்லாம் அப்புறம்" என்றாள் பிரிஜீத்தா. "சொம்புல தண்ணி இருக்கா பாரு."

சொம்பு காலியாக இருந்தது. கிளாரா தண்ணீர் எடுக்கப் போனாள்.